புள்ளிக்கும் அளவுண்டு: சோழர் கால ஊர்களை இணைய வரைபடத்தில் ஏற்றுவது குறித்து

1. கேள்வி

கல்வெட்டுகள், கோயில்கள், நடுகற்கள், தொல்லியல் மேடுகள் ஆகியவற்றை இணைய வரைபடத்தில் ஏற்றும் வேலை இன்று தமிழ்நாட்டில் பலர் கைக்கும் எட்டியிருக்கிறது. பல்கலைக்கழகத் துறைகளும் அரசுத் துறைகளும் மட்டுமே செய்யக்கூடியதாக இருந்த இந்த வேலையை மரபுநடை போகும் ஆர்வலர் குழுக்களும் கல்லூரி மாணவர்களும் இப்போது செய்கிறார்கள். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அடித்தளப் படத்தைக் கட்டணமின்றித் தருகிறது. 2011இல் வெளிவந்த லீஃப்லெட் போன்ற நிரல்கள் சில பத்து வரிகளிலேயே ஓர் ஊடாடும் வரைபடத்தைத் திரையில் கொண்டுவந்துவிடுகின்றன. இடத்தை அளக்கக் கைபேசியின் ஜிபிஎஸ் போதும். நடுவண் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நிலப்படத் தரவுகளைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன்பு வேண்டியிருந்த அனுமதிகளைப் பெருமளவு நீக்கின.

வசதிகள் பெருகிய அளவுக்கு முறையியல் பற்றிய பேச்சு பெருகவில்லை. எந்த நிரல், எந்த நிறம், எத்தனை புள்ளிகள் என்பவற்றைப் பற்றியே பெரிதும் பேசுகிறோம். ஒரு புள்ளி எந்தச் சான்றைக் கொண்டு அங்கே வைக்கப்பட்டது என்று கேட்பது அரிது. இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: சோழர் கால ஊர்களையும், ஊர்கள் சேர்ந்த வட்டாரங்களான நாடுகளையும் அச்சுப் படத்திலிருந்து இணையப் படத்துக்கு மாற்றும்போது, சான்றுகள் தரும் உறுதிக்கு மேலான உறுதியைப் படம் காட்டத் தொடங்குகிறதா? ஆம் எனில், அதைத் தடுப்பது எப்படி?

என் வாதத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அச்சுப் படத்தின் அளவை வரைந்தவர் தீர்மானித்தார். இணையப் படத்தின் அளவை வாசகர் தீர்மானிக்கிறார். ஐந்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சிட்ட படத்தில் ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி தரையில் 500 மீட்டரை மூடிக்கொள்ளும். ஊர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அதே புள்ளியை இணையத்தில் ஏற்றி வாசகர் விரலால் விரித்தால், அது ஒரு வீட்டின் கூரைமேல் போய் நிற்கிறது. சான்று மாறவில்லை, சான்றின் பேரால் சொல்லப்படுவது மாறிவிட்டது. ஆகவே அளவைத் தீர்மானிக்கும் உரிமை வாசகரிடம் போன காலத்தில், ஒவ்வொரு புள்ளியும் கோடும் தனக்கு உரிய அளவைத் தன்னுடனேயே சுமக்க வேண்டும்.

2. அச்சில் வரையப்பட்டவை

தமிழகத் தொல்பொருள்களை இடவாரியாகத் தொகுக்கும் மரபு நூறாண்டுக்கு மேற்பட்டது. ராபர்ட் சூவெல் 1880களில் சென்னை மாகாணத்துத் தொல்லெச்சங்களை மாவட்டவாரியாகப் பட்டியலிட்டார். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகளும், 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளும் வரத் தொடங்கின. வி. ரங்காச்சார்யா 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இடவாரிக் கல்வெட்டுப் பட்டியல் மாவட்டம், வட்டம், ஊர் என்ற அடுக்கில் அமைந்தது. இவற்றில் படம் இல்லாவிட்டாலும் படத்துக்கு வேண்டிய தரவு இருந்தது.

அந்தத் தரவைப் படமாக்கியதில் முதன்மையானவர் எ. சுப்பராயலு. 1973இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட, சோழநாட்டின் அரசியல் நிலவியல் பற்றிய அவருடைய ஆங்கில நூல், கல்வெட்டுகள் சொல்லும் ஊர்களை இன்றைய ஊர்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தது. ஒரு கல்வெட்டு, ஊரின் பெயரோடு அது எந்த நாட்டில், எந்த வளநாட்டில், எந்த மண்டலத்தில் இருந்தது என்பதையும் வழக்கமாகச் சொல்கிறது. ஒரே நாட்டைச் சேர்ந்த ஊர்களை அடையாளம் கண்டு நிலப்படத்தில் குறித்தால், அந்த நாடு பரவியிருந்த பகுதி தெரிந்துவிடும். இந்த எளிய, கடும் உழைப்பு வேண்டிய முறையால் சோழமண்டலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளை அவர் இடம்காட்டினார். நொபொரு கராஷிமா, சுப்பராயலு, தோரு மாட்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுப்பு இந்த முறையை ஆட்பெயர்களுக்கும் பதவிப்பெயர்களுக்கும் விரித்தது. ஜோசப் ஷ்வார்ட்ஸ்பெர்க் பதிப்பித்த தெற்காசிய வரலாற்று நிலப்பட நூலும் 1978இல் வந்ததே. ஜேம்ஸ் ஹைட்ஸ்மன் 1997இல் வெளியிட்ட நூலில் சோழர் காலக் கொடைகளை இடவாரியாகவும் காலவாரியாகவும் பகுத்து ஆராய்ந்தார்.

இன்றைய இணைய வரைபடங்கள் இந்த உழைப்பின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அந்த நூல்களில் ஒவ்வோர் ஊர் அடையாளத்துக்கும் பின்னால் இருந்த வாதம் படத்தோடு சேர்ந்து பயணிக்கவில்லை. நூலில் கேள்விக்குறியோடு நின்ற ஊர், இணையத்தில் கேள்விக்குறி இல்லாத புள்ளியாகிவிடுகிறது.

3. ஒரு கல்வெட்டு, பல இடங்கள்

வரைபடத் தரவுத்தளம் கட்டுகிறவர் முதலில் ஓர் அட்டவணை போடுகிறார். அதில் அட்சரேகைக்கு ஒரு கட்டம், தீர்க்கரேகைக்கு ஒரு கட்டம். ஒரு பொருளுக்கு ஓர் இடம் என்ற முடிவு அங்கேயே, யாரும் விவாதிக்காமல், எடுக்கப்பட்டுவிடுகிறது. சோழர் காலச் சான்றுகள் இந்த அட்டவணைக்குள் அடங்குவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அந்தச் சுவர்களில் உள்ளன. ஆனால் அவை பேசும் இடங்கள் சோழமண்டலத்தில் தொடங்கித் தொண்டை மண்டலம், பாண்டி நாடு, கங்கபாடி, நுளம்பபாடி, மலைநாடு, ஈழம் வரை பரவியவை. கோயிலுக்கு நெல்லும் பொன்னும் அளக்க வேண்டிய ஊர்கள் அங்கெல்லாம் இருந்தன. அதே கோயிலின் மற்றொரு நீண்ட கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிப் பெண்கள்) நானூறு பேரைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வொருத்தியும் குடியிருந்த வீடு, அவள் பெயர், அவள் எந்த ஊர்த் தளியிலிருந்து கொண்டுவரப்பட்டாள் என்பவை வரிசையாகப் பதிவாகியுள்ளன. இத்தனைக்கும் தஞ்சையில் ஒரே ஒரு புள்ளி வைத்தால், சுவரைக் காட்டுகிறோம். சுவரில் எழுதப்பட்டதை மறைக்கிறோம். அந்தப் பெண்களின் ஊர்களிலிருந்து தஞ்சைக்குக் கோடுகள் வரைந்தால், பேரரசு தன் தலைநகரக் கோயிலுக்காக யாரை எங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தது என்பது கண்ணுக்குத் தெரியும். பட்டியலாகப் படிக்கும்போது கடந்துபோகிற அந்தச் செய்தி படத்தில் கடந்துபோக விடாது. இணைய வரைபடத்தின் உண்மையான ஆற்றல் இங்கேதான் இருக்கிறது.

ஆனைமங்கலம் செப்பேடு இன்னும் சிக்கலான எடுத்துக்காட்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையளித்தான். முதலாம் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். ஊர் சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்தில் இருந்தது. ஏடுகள் பின்னர் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைப் போய்ச் சேர்ந்தன. ஆய்வுலகம் அவற்றை லெய்டன் செப்பேடு என்றே அழைத்துப் பழகியது. விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. இந்த ஒரு சான்றுக்குக் கொடையூர், கொடை பெற்ற விகாரம், விகாரத்தைக் கட்டிய அரசு, ஏடுகள் போய்ச் சேர்ந்த நகரம் எனக் குறைந்தது நான்கு இடங்கள் உள்ளன. எதைத் தேர்ந்தாலும் மற்ற மூன்றின் வரலாறு போய்விடும்.

இதற்குத் தீர்வு கண்ட முன்மாதிரி உண்டு. பண்டைய மத்தியதரைக்கடல் உலகின் ஊர்ப்பெயர்களைத் தொகுக்கும் பிளையடீஸ் என்ற இணைய அகராதி, 2000இல் வெளியான பேரிங்டன் நிலப்பட நூலின் தரவிலிருந்து வளர்ந்தது. அதில் ஓர் ஊர், அதன் பெயர்கள், அதன் அமைவிடங்கள் மூன்றும் தனித்தனிப் பதிவுகள். பெயர் தெரிந்து இடம் தெரியாத ஊரும், இடம் தெரிந்து பெயர் தெரியாத ஊரும் அங்கே இடம்பெறலாம். கல்வெட்டுகளில் பெயர் மட்டும் எஞ்சிய எத்தனையோ ஊர்கள் நமக்கு உண்டு. ஆயத்தொலைவு இல்லை என்பதற்காக அவை நம் வரைபடத் தரவிலிருந்து விழுந்துவிடக் கூடாது.

4. எல்லைக்கோடு என்ற வாதம்

புள்ளியைவிடக் கோடு ஆபத்தானது. சுப்பராயலுவின் படங்கள் வந்த பின் எழுந்த விவாதம் இதற்குச் சான்று. பர்ட்டன் ஸ்டெய்ன், இடைக்காலத் தென்னிந்தியாவின் உழவர் அரசையும் சமூகத்தையும் பற்றி 1980இல் வெளியிட்ட நூலில் அந்தப் படங்களைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு நாடும் தன்னளவில் நிறைவுபெற்ற உழவர் வட்டாரம் என்றும், சோழ அரசரின் அதிகாரம் மையப் பகுதிக்கு அப்பால் பெரிதும் சடங்கு சார்ந்தது என்றும் அவர் வாதிட்டார். கூறுகளாலான அரசு என்று இந்தக் கருத்து பெயர்பெற்றது. கராஷிமா, சுப்பராயலு, சம்பகலட்சுமி முதலியோர் இதை மறுத்தனர். வரி, அதிகாரிகளின் படிநிலை, நில அளவை ஆகியவை அரசின் கை நாடுகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதைக் காட்டுகின்றன என்பது அவர்கள் தரப்பு.

அந்த விவாதத்தில் நான் மறுப்பாளர் பக்கமே நிற்கிறேன். முதலாம் இராசராசன் பொ.ஆ. 1000ஐ ஒட்டிச் செய்த வளநாட்டுப் பகுப்பு அதற்குப் போதிய காரணம். நாடுகள் ஊர்களின் சேர்க்கையாக உருவானவை. ஆற்றின் இரு கரையிலும் ஊர்களைக் கொண்ட நாடுகள் உண்டு. வளநாடுகளோ ஆறுகளை எல்லையாகக் கொண்டு மேலிருந்து வகுக்கப்பட்டவை. உய்யக்கொண்டார் வளநாடு அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நிலம். அதனால் பழைய நாடு ஒன்று இரண்டு வளநாடுகளுக்குள் பிரிந்துபோவதும் நேர்ந்தது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு வகையான நிலவியல்கள் படிந்து கிடக்கின்றன: ஒன்று உழவர் உறவால் வளர்ந்தது, மற்றொன்று அரசு அளந்து போட்டது.

வரைபடம் கட்டுகிறவர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வளநாட்டுக்குக் கோடு வரையலாம். ஆறு அந்தக் கோடு, கல்வெட்டே அதைச் சொல்கிறது. ஆற்றின் போக்கு இடையில் மாறியிருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடு வரைய வேண்டும், அவ்வளவே. செப்பேடுகள் ஓர் ஊரின் எல்லையைச் சொல்லும் இடங்களிலும் கோடு வரையலாம். பெண்யானையை நடத்தி, வாய்க்காலையும் அண்டை ஊர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வகுத்த எல்லைகள் அவை. நாட்டுக்கு அப்படிப்பட்ட சான்று கிடையாது. நமக்குத் தெரிவது அந்த நாட்டைச் சேர்ந்த சில ஊர்கள் மட்டுமே. அந்த ஊர்களைச் சுற்றி நாம் போடும் கோடு நம்முடைய ஊகம். நிலப்பட மென்பொருளில் ஒரே சொடுக்கில் புள்ளிகளைச் சுற்றி எல்லை போட்டு நிறம் தீட்டிவிடலாம். அப்படித் தீட்டிய நாடுகள், ஒன்றோடொன்று ஒட்டிய இன்றைய வட்டங்களைப் போலத் தோன்றுகின்றன. ஸ்டெய்னின் தன்னிறைவு வட்டாரத்தை எந்த வாதமும் இன்றி அந்தப் படம் நிறுவிவிடுகிறது.

இதில் நிகழ்காலப் பொறுப்பும் கலந்திருக்கிறது. கொங்கின் 24 நாடுகள், கள்ளர் நாடுகள் போன்ற பிரிவுகள் இன்றும் மக்கள் நினைவிலும் சாதி அமைப்பிலும் கோயில் உரிமைகளிலும் உயிரோடு இருப்பவை. ஓர் ஆய்வாளர் ஊகத்தால் போட்ட கோடு நாளை முதல் மரியாதைக்கான வழக்கில் ஆவணமாக நீட்டப்படலாம். எனவே நாட்டைக் காட்ட, உறுதியான ஊர்களின் கூட்டத்தை ஒரே நிறத்தில் காட்டினால் போதும். எல்லை வரையாதிருப்பதே அங்கே துல்லியம்.

5. வெற்றிடம் எதைச் சொல்கிறது?

இணைய வரைபடங்களில் அடர்த்திப் படம் பெருவழக்காகிவிட்டது. கல்வெட்டுகள் மிகுந்த பகுதி சிவப்பாகவும் குறைந்த பகுதி வெளிறியும் தெரியும். பார்ப்பவர் சிவப்பைச் செழிப்பு என்றும் வெளிறலைப் பின்தங்கல் என்றும் படிக்கிறார்.

கல்வெட்டு எஞ்சுவதற்குக் கல் வேண்டும், கோயில் வேண்டும், அந்தக் கோயில் இடிபடாமல் இருக்க வேண்டும், படியெடுக்க ஒருவர் அங்கே போயிருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் படத்தில் வெற்றிடம் விழும். காவிரிப் படுகையில் கல் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். செங்கல் தளிகள் கற்றளிகளாக மாறிய காலத்திலேயே அங்கே கல்வெட்டுகள் பெருகுகின்றன. பிற்காலத் திருப்பணிகளில் பழைய கற்கள் பெயர்க்கப்பட்டு இடம் மாறின, பல அழிந்தன. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின் பண்ணவாடிப் பகுதியின் ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. செயற்கைக்கோள் படத்தின் மேல் புள்ளி வைத்தால், அது எந்த மாதம் எடுத்த படம் என்பதைப் பொறுத்து அந்த இடம் நீராகவோ நிலமாகவோ இருக்கும்.

ஆகவே அடர்த்திப் படத்தோடு ஆய்வுப் பரப்புப் படம் ஒன்றும் வர வேண்டும். எந்த ஊர்கள் எந்த ஆண்டில் படியெடுக்கப்பட்டன, எவை இன்னும் பார்க்கப்படவில்லை என்பதை ஆண்டறிக்கைகளிலிருந்தே தொகுக்க முடியும். தேடிக் கிடைக்காத இடமும் தேடவே படாத இடமும் படத்தில் ஒரே வெள்ளையாக இருந்தால் அது தவறான செய்தி.

6. பொருத்துதலில் நுழையும் பிழைகள்

மேற்சொன்னவை சான்றின் தன்மையால் வருபவை. வரைபடத் தொழிலாலேயே வரும் பிழைகளும் உண்டு. ஆயத்தொலைவை எழுதும் வரிசையிலிருந்து அவை தொடங்குகின்றன. ஜியோஜேசன் என்ற பொது வடிவத்தில் தீர்க்கரேகை முதலிலும் அட்சரேகை அடுத்தும் வர வேண்டும். மாற்றி எழுதினால் தஞ்சாவூர் ஆர்க்டிக் கடலின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். இந்தப் பிழை உடனே கண்ணில் படுவதால் கெடுதல் செய்வதில்லை.

கண்ணில் படாத பிழையே கெடுதல் செய்யும். 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையின் வழி வந்தவை இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்கள். அவை எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ், டபிள்யூஜிஎஸ் 84ஐ அடிப்படையாகக் கொண்டது. பழைய தாளில் படித்த ஆயத்தொலைவை மாற்றாமல் அப்படியே ஏற்றினால் தமிழ்நாட்டில் நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். அதைவிடப் பழைய தாள்களில் சென்னை வான்நோக்ககத்தின் தீர்க்கரேகையைக் கணித்ததில் இருந்த பிழையும் சேரும். அதற்குரிய திருத்தம் 2 நிமிடம் 27 விநாடி, தரையில் நான்கு கிலோமீட்டருக்கு மேல். அக்கரைக் கோயில் இக்கரைக்கு வந்துவிட இந்த விலகல் போதும். இதற்குச் சட்ட விளைவும் உண்டு. 2010இல் திருத்தப்பட்ட நடுவண் தொல்சின்னச் சட்டம், பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டரைக் கட்டடத் தடைப் பகுதியாகவும் அதற்கப்பால் 200 மீட்டரைக் கட்டுப்பாட்டுப் பகுதியாகவும் வகுக்கிறது. படத்தில் நூறு மீட்டர் விலகினால், வீடு கட்ட உரிமையுள்ளவர் தடுக்கப்படலாம்; தடுக்கப்பட வேண்டியவர் தப்பலாம்.

நிர்வாக எல்லைகளின் மாற்றம் மற்றொரு சிக்கல். கங்கைகொண்ட சோழபுரம் பழைய கல்வெட்டு அறிக்கைகளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்து உடையார்பாளையம் வட்டத்தில் இருக்கிறது. 1995இல் அது பெரம்பலூர் மாவட்டத்துக்குப் போனது. 2001இல் அரியலூர் மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்ந்து, 2007இல் மறுபடி அரியலூர் ஆனது. மாவட்டப் பெயரைக் கொண்டு தேடும் நிரல், ஆண்டு தெரியாமல் தேடினால் ஒரே ஊரின் கல்வெட்டுகளை மூன்று மாவட்டங்களில் சிதறவிடும். ஆண்டறிக்கையின் மாவட்டப் பெயரை அது சொல்லப்பட்ட ஆண்டோடு சேர்த்தே பதிய வேண்டும்.

தமிழ் எழுத்தைக் காட்டுவதிலும் தொல்லை இருக்கிறது. எழுத்துகளைத் தனித்தனி உருவாக அடுக்கும் சில வரைபட நிரல்களில் கொம்புகள் எழுத்துக்கு முன் வராமல் பின்னால் போய் விழுந்து ஊர்ப்பெயர்கள் சிதைகின்றன. அதைத் தவிர்க்கப் பலர் ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள். தம் ஊர்ப் பெயரைத் தமிழில் படிக்க முடியாத படத்தை அந்த ஊர்க்காரர் தம்முடையதாக ஏற்பார் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. படத்தைக் கட்டும் முன் தெரிவுசெய்யும் நிரல் தமிழைச் சரியாகக் காட்டுகிறதா என்பதே முதல் சோதனையாக இருக்க வேண்டும்.

7. காட்டுவதும் காப்பதும்

மரபுச் சின்னங்களின் இடத்தை உலகுக்கே திறந்துகாட்டலாமா என்ற கேள்விக்கு இரு தரப்பிலும் வலுவான காரணங்கள் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் படிமத்தை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014இல் அது இந்தியாவுக்குத் திரும்பியது. இத்தகைய மீட்புகளில் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படச் சேகரிப்பு முக்கியச் சான்றாக நின்றது. 1956 முதல் எடுக்கப்பட்டுவரும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில், எந்தப் படிமம் எந்தக் கோயிலில் இருந்தது என்பது பதிவாகியிருக்கிறது. பதிவு இல்லாத ஊரின் படிமம் திருடு போனால் அது நம்முடையது என்று நிறுவுவதே கடினம். வெளிப்படைத்தன்மைக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

மறுதரப்பும் உண்மையே. பூசை நின்றுபோன, காவல் இல்லாத கோயிலில் எந்தப் படிமம் எங்கே இருக்கிறது என்பதைப் படத்தோடும் வழியோடும் காட்டுவது திருடனுக்குத் தரும் உதவி. தாழிக் காடுகளும் கல்வட்டங்களும் புதையல் தேடுவோரால் தோண்டப்படுவது நாம் அறிந்ததே.

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் முடிவு எட்டவில்லை. பதிவு செய்தல் வேறு, வெளியிடுதல் வேறு. எல்லாவற்றையும் முழுத் துல்லியத்தோடு பதிய வேண்டும். வெளியிடும் துல்லியம் பொருளுக்கேற்ப மாற வேண்டும். நாள்தோறும் ஆயிரம் பேர் வரும் கோயிலின் இடத்தை மறைப்பதில் பயனில்லை. அதன் செப்புத் திருமேனிகளின் அறையைக் காட்டுவதிலும் பயனில்லை. தாழிக் காட்டை ஊராட்சி அளவில் காட்டினால் போதும். ஆய்வாளர் துல்லியமான இடத்தை முறையாகக் கேட்டுப் பெறலாம். கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் உலகச் சின்ன நிதியமும் சேர்ந்து உருவாக்கிய ஆர்ச்சஸ் என்ற திறமூல மென்பொருளில், யார் எதைப் பார்க்கலாம் என்பதைப் பதிவுவாரியாக வகுக்கும் வசதி உண்டு. ஜோர்டானின் தொல்லியல் தளங்களுக்கான பட்டியல் முயற்சியிலிருந்து வளர்ந்தது அது. மேற்காசியாவிலும் வடஆப்பிரிக்காவிலும் ஆபத்திலிருக்கும் தொல்லிடங்களைப் பதியும் திட்டம் அதையே பயன்படுத்துகிறது. தீர்வு கையில் இருக்கிறது. முதலில் வேண்டியது, எதை எந்த அளவில் காட்டுவது என்று ஊராரோடு பேசி எடுக்கும் முடிவு.

8. எப்படிக் கட்டுவது?

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, இடங்களைப் பிரித்தல். ஒவ்வொரு சான்றுக்கும் கிடைத்த இடம், அது பேசும் இடங்கள், இப்போது இருக்கும் இடம், பதிப்பில் சொல்லப்பட்ட இடம் ஆகியவை தனித்தனிக் கட்டங்களாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, உறுதியின் தரம். நேரில் அளந்தது, ஊர் உறுதி ஆனால் இடம் தோராயம், ஊர் அடையாளமே ஊகம், வட்டாரம் மட்டும் தெரியும் என நான்கு தரங்கள் போதும். எந்தக் காரணத்தால் அந்தத் தரம் தரப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும்.

மூன்றாவது, விரிக்கும் எல்லை. கட்டுரையின் மைய வாதம் இங்கே செயலாகிறது. வட்டாரம் மட்டும் தெரிந்த ஊரை வாசகர் தெரு அளவுக்கு விரிக்கும்போது புள்ளி மறைந்து, அதன் இடத்தில் நிழல்வட்டம் ஒன்று தோன்ற வேண்டும். சான்று இந்த அளவுவரைதான் பேசுகிறது என்ற குறிப்பும் வர வேண்டும். இன்றுள்ள பெரும்பாலான வரைபட நிரல்களில் இதைச் சில வரிகளில் செய்துவிடலாம். ஆயத்தொலைவை எழுதுவதிலும் இதே ஒழுக்கம் வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் என்பது ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர். இரண்டு இலக்கம் என்பது ஒரு கிலோமீட்டர். ஊகமாக அடையாளம் கண்ட ஊருக்கு ஆறு இலக்கம் எழுதுவது பொய்.

நான்காவது, திருத்தத்தின் வரலாறு. ஓர் ஊரின் அடையாளம் மாறினால் பழைய அடையாளத்தை அழிக்காமல், யார், எப்போது, எந்தச் சான்றால் மாற்றினார் என்று அடியில் வைக்க வேண்டும். மறுக்கப்பட்ட கருத்தும் ஆய்வுக்கு வேண்டிய சான்றே.

ஐந்தாவது, தரவும் தோற்றமும் பிரிந்திருத்தல். ஃபிளாஷ் மென்பொருளை நம்பிக் கட்டிய ஊடாடும் படங்கள் 2020 முடிவில் அந்த மென்பொருளோடு சேர்ந்து மறைந்தன. 2018இல் கூகுள் மேப்ஸ் தன் கட்டண முறையை மாற்றியபோது சிறிய தளங்கள் பல தடுமாறின. வரைபடத்தின் முகம் ஐந்து, பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியே தீரும். தரவு எளிய அட்டவணையாகவும் ஜியோஜேசனாகவும், யாரும் பதிவிறக்கக்கூடிய வகையில், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் காப்பில் இருந்தால் அடுத்த தலைமுறை அதன்மேல் புதிய முகம் கட்டிக்கொள்ளும்.

9. முடிவு

இணைய வரைபடம் அச்சுப் படத்தின் விரைவான வடிவம் என்று கருதுவதே நம் சிக்கல்களின் வேர். ஊர்களைத் தேடி, கல்வெட்டுகளைப் படித்து, கேள்விக்குறிகளோடு படம் வரைந்த ஆய்வாளர்களின் ஐயங்களை நாம் தரவேற்றும்போது உதிர்த்துவிடுகிறோம். அந்த ஐயங்கள் அவர்கள் உழைப்பின் பெறுமதி மிக்க பகுதி. அவற்றை இழந்த படம் அழகாகவும் விரைவாகவும் இருக்கலாம். ஆய்வுக்கு உதவாது, ஊர்வழக்கில் தவறாகப் பயன்படும்.

தமிழ்நாடு முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் பெருந்திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கல்லூரி வரலாற்றுத் துறை தன்னைச் சுற்றியுள்ள ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்ளட்டும். அந்த நாட்டு ஊர்கள் என்று கல்வெட்டுகள் சொல்லும் ஒவ்வொன்றையும் மாணவர்கள் ஆண்டறிக்கையோடு நேரில் போய்த் தேடட்டும். கிடைத்ததை அளக்கட்டும், கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே பதியட்டும். இப்படிப் பத்துத் துறைகள் பத்து நாடுகளை ஒரே முறையில் பதிந்தால், சோழமண்டலத்தின் நிலவியலை 1973இன் படத்தைத் தாண்டிக் கொண்டுபோக முடியும். அதுவரை வரைபடம் கட்டும் ஒவ்வொருவரும் தம் புள்ளிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இடத்தில் நிற்க உனக்கு என்ன சான்று, எவ்வளவு தூரம்வரை? அந்தப் பதிலை வாசகர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்த படமே ஆய்வாகும்.